மாப்பிள்ளை வீட்டார் இறங்கிய மல்லாட்டை குடோன்

அந்த அக்கா ஒரு காரியத்தைச் செய்துவிட்டுச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. முதலில் சொல்லிவிடுவார். நாலு பேர் காதில் விழும்படி, நடந்து முடிந்த விஷயத்தைப் போலச் சொல்லிவிடுவார். செய்யத் தொடங்குவது அதற்கப்புறம்தான். நடுவில் இருக்கிற நாட்களில் அவரைப் பார்க்கிறவர்கள் வாய் கூசாமல் பொய் சொல்கிற பெண்பிள்ளை என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நானோ, சம்பளம் கைக்கு வந்த பிறகும் வந்துவிட்டது என்று சொல்லத் தயங்குகிற ரகம். எங்கள் இருவரையும் ஒரே கூரைக்குக் கீழும் மேலுமாக வைத்தது யார் செய்த குறும்போ தெரியவில்லை.

சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் இருந்த அவருடைய வீட்டு மாடியில் 2005 முதல் 2009 வரை குடியிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. எனக்கு சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. வீடு பார்க்கப் போன அன்று, தண்ணீர் எப்படி என்று கேட்டேன். மாடியில் தனி டேங்க் இருக்கிறது, குழாயைத் திறந்தால் எந்நேரமும் கொட்டும் என்றார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தோம். சாமான்களோடு நாங்கள் போய் இறங்கிய அன்று, கருப்பு பிளாஸ்டிக் டேங்க் ஒன்று கயிற்றில் தொங்கியபடி மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறி முடியும்வரை எங்கள் பீரோ தெருவில் வெயில் காய்ந்தது. அக்கா கீழே நின்று கயிறு இழுப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் அசடு வழியாமல், காபி சாப்பிடுங்க டீச்சர் என்றார். மாலையில் குழாயைத் திறந்தேன். சொன்னபடியே கொட்டியது.

அவருடைய வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். மல்லாட்டை வியாபாரி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கொல்லைப்புறத்தில், பக்கத்துச் சந்துப் பக்கம் இரட்டைக் கதவு போட்ட ஒரு பெரிய குடோன் அவருக்கு இருந்தது. முட்லூர் பக்கத்திலிருந்தும் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்தும் மூட்டைகள் வந்து இறங்கும். 2006இல் ஒரு காலை, எடை போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே மாமா சாய்ந்துவிட்டார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னபோது, இனிமேல் கை கால் பயிற்சிக்கு இவரை நானே வண்டியில் அழைத்து வருவேன் என்று அக்கா அங்கேயே அறிவித்தார். அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. அடுத்த இரண்டு வாரம் விடியற்காலையில் மேல வீதியில் ஸ்கூட்டியோடு விழுந்து விழுந்து எழுந்தார். முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. பிறகு ஒருநாள், மாமாவைப் பின்னால் உட்கார வைத்து, ஒரு துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பார்க்கப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் போய்விட்டு வந்தார்கள்.

சில மாதங்களில் மாமாதான் கைவிட்டார். பயிற்சியும் வேண்டாம், வெளியே போவதும் வேண்டாம் என்று ஈஸி சேரில் சாய்ந்தவர் சாய்ந்தவர்தான். அவரை எழுப்பி நாலு எட்டு வைக்கச் செய்வதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். வியாபாரத்தை அவருடைய தம்பி முடித்து வைத்தார். குடோனைப் பூட்டியாயிற்று.

இந்த நிலையில்தான் அவர்களுடைய ஒரே மகளுக்கு கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. பையன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தான். தகப்பனார் இல்லாத பிள்ளை. அவனுக்கு எல்லாமே அத்தைதான். கல்யாணத்தைப் பேசி முடிக்க அக்கா, அவருடைய கொழுந்தனார், கொழுந்தனாரின் மனைவி ஆகிய மூன்று பேர் கிளம்பினார்கள். மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது அல்லவா? நான்காவது ஆளாக என்னை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என் வேலை என்று நினைத்துப் போனேன்.

அந்த அத்தை நறுக்கென்று பேசுகிறவர். கேசரி சாப்பிட்டு முடித்த கையோடு விஷயத்துக்கு வந்துவிட்டார். ஆனியில் பார்த்திருக்கிற முகூர்த்தம் நடராஜர் தேர், தரிசனம் முடிந்த மறுநாள் வருகிறது. அந்த வாரம் சிதம்பரத்தில் நிற்க இடம் கிடைக்காது. மாப்பிள்ளை வீட்டார் எங்கே போய் இறங்குவது? தள்ளிப் போட்டால் ஆடி வந்துவிடும். ஆகவே கல்யாணத்தை கடலூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கும் ஒடம்பு முடியலன்றீங்க. மேடையில ஒக்கார வச்சி செரமப்படுத்த வாணாம். தாரை வாத்துக் குடுக்கறத அவரு தம்பி செஞ்சிடட்டுமே. சித்தப்பாதானே.”

கொழுந்தனார் தரையைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். தாரை வார்ப்பது என்றால் பெண்ணைப் பெற்றவனும் பெற்றவளும் சேர்ந்து நீர் விட்டுக் கொடுப்பது. தம்பி செய்தால் பக்கத்தில் தம்பி மனைவிதான் நிற்பாள். மாமா கூட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

“கல்யாணம் சிதம்பரத்துலதாங்க. எங்க வூட்டுலயே கெஸ்ட் ஹவுஸ் இருக்குது, தனி வாசல், தனி பாத்ரூம். நீங்க எல்லாரும் அங்கதான் எறங்கறீங்க. தாரை அவருதான் வாப்பாரு. நின்னுகிட்டே வாப்பாரு.”

கொழுந்தனார் தலை நிமிர்ந்தது. எந்த கெஸ்ட் ஹவுஸ் என்று அவர் மனைவி என் காதில் கேட்டாள். நான் காலிக் கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில், ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் நான் அவரோடு சண்டை போட்டுவிட்டேன். டேங்க் வைத்தீர்கள், ஸ்கூட்டி கற்றீர்கள், நாளைக்கு மல்லாட்டை குடோனை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினாலும் ஆக்குவீர்கள், அதெல்லாம் உங்கள் கையால் ஆகிற காரியம். மாமாவுடைய காலை உங்களால் என்ன செய்ய முடியும்? அன்றைக்கு அவர் எழுந்து நிற்காவிட்டால் அத்தனை பேர் முன்னால் யாருக்கு அவமானம், உங்களுக்கா அவருக்கா? இப்படி ஏதேதோ கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“யாரும் எதிர்பாக்கலன்னா அவரு எதுக்கு டீச்சர் எந்திரிக்கணும்?”

எனக்குக் கோபம் தீரவில்லை.

மறுநாளே குடோன் திறக்கப்பட்டது. உள்ளே ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி இரண்டு சின்ன ஓட்டைகள். ஆள் உயரத்துக்குக் கோணிகள், துருப்பிடித்த எடை மெஷின், மிதித்த இடமெல்லாம் மல்லாட்டைத் தோல், ஓடி ஒளிகிற எலிகள். கோணிகளைத் தூக்கிக்கொண்டு போகிறபோது மாமா ஈஸி சேரைத் திருப்பிப் போடச் சொல்லி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அக்காவுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அவர் குமராட்சியிலிருந்து வந்த கொத்தனாரோடு ஜன்னல் எங்கே வரும், குறுக்குச் சுவர் எங்கே வரும் என்று சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்.

கொத்தனார் பாடு திண்டாட்டம்தான். பூச்சு முடிவதற்கு முன்பே அக்கா பெயிண்டரிடம் பூச்சு முடிந்தது வாங்க என்பார். குழாய் வருவதற்கு முன்பே பாத்ரூம் தயார் என்று தெருவில் சொல்லியிருப்பார். அக்கா எந்த வேலையை முடிந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளவே கொத்தனார் தினமும் காலையில் எதிர் டீக்கடையில் விசாரித்துவிட்டு வருவார். அன்றைக்கு அவர் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

அந்த அவசரத்தில்தான் தரை விஷயம் நடந்தது. பழைய மண் தரையைத் தோண்டி எடுத்துவிட்டு ஜல்லி போட வேண்டும் என்பது ஏற்பாடு. அக்காவோ டைல்ஸ்காரரிடம் தரை போட்டாயிற்று என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். அவர் வந்து நிற்கப் போகிறார் என்ற பதற்றத்தில் கொத்தனார் தோண்டாமலே, மண்ணின் மேலேயே மணலைக் கொட்டி சிமென்ட் தரையை இழுத்துவிட்டார். தரை இறுகுவதற்காக நாளெல்லாம் தண்ணீர் தேக்கி வைத்தார்கள். கொஞ்ச நாளில் சுவர் ஓரம் நெடுக, சிமென்டுக்கும் சுவருக்கும் நடுவில் பச்சைப் பசேலென்று ஏதோ எட்டிப் பார்த்தது. அடியில் கிடந்த மல்லாட்டை முளைத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை இறக்க வேண்டிய அறையில் வரிசையாக மல்லாட்டைச் செடி.

கொத்தனார் குந்தி உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தானா அந்த அத்தை வந்து நிற்க வேண்டும்? கோயிலுக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். எதைப் பார்க்க வந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் கதவோரம் நின்றேன். பாதிப் பூச்சு, கதவில்லாத பாத்ரூம், கம்பி வைக்காத ஜன்னல். அத்தையின் கண் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே வந்தது. இதுதான் நீங்கள் சொன்ன கெஸ்ட் ஹவுஸா என்று அவர் கேட்கவில்லை. முகம் கேட்டது. அக்காவுக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. அப்படி ஒரு நிலைமையில் அவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அத்தை குனிந்தார். சுவர் ஓரத்தில் மிச்சமிருந்த முளைகளைப் பார்த்தார். என்னது இது என்று கேட்டார். மல்லாட்டை என்று கொத்தனார் முணுமுணுத்தார். அத்தை செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, ஒரு தளிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு நாம பாலிகை தெளிச்சி மொளைக்குதா மொளைக்குதான்னு பாத்துகிட்டு இருப்போம். இங்க மாப்பிள்ள தங்கற எடத்துல தானாவே மொளச்சிருக்கு. இதுக்கு மேல நல்ல சகுனம் இன்னாம்மா வேணும்?”

முகூர்த்தத்துக்கு முன்னால் மண் பாலிகையில் நவதானியம் தெளித்து, அது செழித்து வந்தால் குடும்பம் செழிக்கும் என்பது எங்கள் வழக்கம். அது கொத்தனாரின் கவனக்குறைவாலும் முளைக்கும் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை. அக்காவுக்கு உயிர் வந்துவிட்டது. அதனால்தான் பிடுங்காமல் வைத்திருக்கிறோம் என்றார். கொத்தனார் கைநிறைய வைத்திருந்த செடிகளோடு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடிவிட்டேன்.

அத்தை போன பிறகு தரையை உடைத்து ஒழுங்காகப் போட்டார்கள். ஒரு மூலையிலிருந்து மட்டும் நாலு செடியை மண்ணோடு எடுத்து தொட்டியில் வைத்து, கெஸ்ட் ஹவுஸ் வாசலில் வைத்தார் அக்கா.

இன்னொன்றும் அந்த நாட்களில் நடந்தது. குடோனின் நீளச் சுவர் முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு இரும்புக் குழாய் பதிக்கச் சொன்னார். எதற்கு என்று கொத்தனார் கேட்டதற்கு, துண்டு காயப் போட என்றார். ஒரு கல்யாணக் கூட்டமே குளித்தாலும் அவ்வளவு துண்டு தேறாதே என்று நான் கிண்டல் செய்தேன். அவர் சிரித்தார். ஒரு மாலை, கொல்லையில் துணி எடுக்கப் போனவள் புதிதாக வைத்த ஜன்னல் வழியே தற்செயலாகப் பார்த்தேன். மாமா இடது கையால் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது காலைத் தரையோடு இழுத்து இழுத்து ஒரு எட்டு வைத்தார். நின்றார். இன்னொரு எட்டு வைத்தார். வேட்டி வியர்வையில் ஒட்டியிருந்தது. அக்கா எதிர்க்கோடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். மாமா பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. மாமா தடுமாறி குழாயில் சாய்ந்தபோதும் திருப்பவில்லை. காய் உரித்த விரல்கள் மட்டும் அசையாமல் நின்றன. அவர் மறுபடி நிமிர்ந்த பிறகுதான் அக்கா அடுத்த காயை எடுத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் நான் பேசிய பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் எங்காவது கொட்ட வேண்டும் போல இருந்தது.

தேருக்கு முந்தின நாளே ஊர் நிரம்பிவிட்டது. லாட்ஜ் வாசலில் பெட்டியோடு நின்று கெஞ்சினவர்கள் எத்தனையோ பேர். பஸ் ஸ்டாண்டில் படுக்கையை விரித்தவர்களும் உண்டு. தரிசனத்தன்று மாலை, கடலூர் வேன் வீதிக்குள் நுழைய முடியாமல் தூரத்திலேயே நின்றுவிட, மாப்பிள்ளை வீட்டார் சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நீந்தி வந்து சேர்ந்தார்கள். சந்துக் கதவைத் திறந்ததும் அவர்கள் கண்டது விளக்கு போட்ட இரண்டு பெரிய அறைகள், மின்விசிறி, கட்டில், புதுப் பாய், பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர். பெயிண்ட் காய்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அந்த நெடியையும் மீறி லேசாக மல்லாட்டை எண்ணெய் வாசனை அடித்தது. ஒருவர் மூக்கைச் சுளித்தார். செக்கு எண்ணெய் வாசனை உடம்புக்கு நல்லது என்று அவரை அடக்கியது அந்த அத்தையேதான். அன்றிரவு அவர் கடலூருக்கு போன் போட்டு, சிதம்பரத்தில் எங்களுக்குத் தனி கெஸ்ட் ஹவுஸ், கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கலாம் என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். கோபுரம் அங்கிருந்து தெரியாது. அக்காவின் வியாதி அவருக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைத்துக்கொண்டேன்.

2012இல் ஒரு மார்கழியில் நான் அங்கே போனபோது, குடோன் வாசலில் போர்டு தொங்கியது. ஆருத்ராவுக்கு வந்த பெங்களூர்க்காரர்கள் தங்கியிருந்தார்கள். குழாயில் வரிசையாக நிஜமாகவே துண்டு காய்ந்தது. அறைக்கு ஏ.சி. இருக்கிறது என்று போர்டில் எழுதியிருந்தது. ஏ.சி. எங்கே அக்கா என்றேன். வருது டீச்சர் என்றார்.

ஆனால் அவரை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் வருவது அந்தக் கல்யாணக் காலைதான். மண்டபம் நிறைந்திருந்தது. மாமாவிடம் மூட்டை போட்ட விவசாயிகள், லாரிக்காரர்கள், கடைத்தெரு ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். கொழுந்தனார் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக மாமாவை மேடை ஏற்றி நாற்காலியில் உட்கார வைத்தோம். மேடையில் பிடித்துக்கொள்ளக் குழாய் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தாரை வார்க்கிற நேரம் வந்தது. ஐயர் பெண்ணைப் பெற்றவர்களைக் கூப்பிட்டார். மாமா எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். மண்டபத்தில் பேச்சு அடங்கியது. மாப்பிள்ளையின் அத்தை எழுந்து வந்தார். இந்த முறை அவர் குரலில் நறுக்கு இல்லை.

“ஒக்காந்தே வாக்கட்டும்மா. நாங்க யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். அக்கா செம்பைப் பிடித்தபடி நின்றார். சரி என்று சொல்லிவிட்டிருந்தால் எல்லோரும் மூச்சு விட்டிருப்போம். நான் அதைத்தான் வேண்டிக்கொண்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, எழுந்திருங்கள் என்றும் சொல்லவில்லை. மாமாவைப் பார்க்கக்கூட இல்லை. மணவறைத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். செம்பைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

மாமா தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தார். ஒரு வருஷமாகக் குழறிக்கொண்டிருந்த வாயால், மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் புரியும்படி சொன்னார்.

“வாணாங்க. இவ ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா.”

மண்டபம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, இடது கையை நாற்காலிப் பிடியில் ஊன்றி மாமா எழுந்துவிட்டார். ஆடினார். கொழுந்தனார் பிடிக்கப் போக, மாமா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அக்கா ஒரு எட்டு நகர்ந்து, தோளோடு தோள் படும்படி பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த ஒத்தாசை. மாப்பிள்ளையின் கை மேல் மகளின் கை, மகளின் கை மேல் மாமாவின் கை, அதன் மேல் அக்கா விட்ட நீர். மந்திரம் முடியும்வரை, கடைசிச் சொட்டு தட்டில் விழும்வரை, மனுஷன் நின்றார். முன்வரிசையில் ஒரு லாரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அத்தையும் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவே இல்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

செம்பைக் கீழே வைத்ததும் அக்காவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்குக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

“அடுத்த ஆனித் தேருக்கு பேரப்புள்ளையோட வரீங்க சம்பந்தி. ஜன்னலோர ரூம்ப ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிட்டேன்.”

தாலி அப்போதும் தட்டிலேயே இருந்தது.